மகளின் தோளுக்கு ஒரு பட்: 7 மாதமும் 33,000 ரூபாயும்

நான் ராணுவத்தில் 20 வருடம் ஆர்மரராக இருந்தவன். ஈ.எம்.ஈ., அதாவது ராணுவத்தின் ஆயுதங்களையும் வண்டிகளையும் பழுது பார்க்கும் பிரிவு. ரைபிளைப் பிரித்து, தேய்ந்த பாகத்தை மாற்றி, கேஜ் வைத்துப் பார்த்து, பூட்டித் திருப்பிக் கொடுப்பதுதான் வேலை. ஓய்வு பெற்று, கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் சொந்த ஊருக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரு ஏர் ரைபிளுக்கு பட் மாற்றப் போய் 7 மாதமும் 33,000 ரூபாயும் செலவாகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். ஆனால் சொல்ல ஆள் இல்லை. எங்கள் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் நிறைய. என்னைப் போலவே பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சி கொடுக்க ஆசைப்படுகிறவர்களும் அவர்களில் இருப்பார்கள். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பட் என்றால் ரைபிளில் தோளோடு சேர்த்து வைக்கும் பின்கட்டை. அது சுடுகிறவனின் கைநீளத்துக்குப் பொருந்தாவிட்டால் மற்ற எதுவும் பொருந்தாது. இதை நான் வேலையில் இருந்தபோதே ஒரு பையனிடம் பார்த்தேன். எங்கள் யூனிட்டில் ஒல்லியாக, உயரம் குறைவாக ஒருவன் இருந்தான். கையில் மடங்காத பட் கொண்ட இன்சாஸ் ரைபிள். சாதாரணச் சட்டையில் எப்படியோ சமாளித்துச் சுட்டுவிடுவான். குண்டு துளைக்காத ஜாக்கெட்டைப் போட்டால் பட்டுக்கும் தோளுக்கும் நடுவில் இரண்டு விரல் தடிமன் வந்துவிடும். ரைபிள் அந்த அளவுக்கு முன்னால் தள்ளிப் போகும். இடது கை முழுதாக நீண்டுவிடும், கழுத்தை நீட்டினால்தான் கண் குறிபார்க்கும் பின்சைட்டுக்கு நேராக வரும். ஒரு நாள் பட்டறைக்கு வந்து, "சார், இதுல ஒரு இஞ்ச் அறுத்துத் தர முடியுமா?" என்று கேட்டான். முடியாது என்றேன். வழங்கப்பட்ட ஆயுதத்தில் உத்தரவு இல்லாமல் ஒரு திருகைக்கூட மாற்றக் கூடாது. நான் செய்தது சரிதான். ஆனால் அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பட் உலகத்துக்குப் புதிதல்ல. வியட்நாம் போரிலேயே அமெரிக்கர்கள் எம்-16 ரைபிளின் குட்டையான கார்பைன் வகைகளில் இழுத்து நீட்டும் பட் வைத்திருந்தார்கள். எம்-4 கார்பைனில் இருப்பதும் அந்த வழிதான். பட்டை உள்ளே தள்ளினால் ஆயுதத்தின் மொத்த நீளம் 8 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் குறையும். கனடா ராணுவம் ஒரு படி மேலே போனது. கார்பைனோடு நிற்காமல், முழுநீளக் குழல் கொண்ட தன் சாதாரண ரைபிளிலேயே கார்பைன் பட்டைப் பொருத்தி சி7ஏ2 என்று வழங்கியது. எங்கள் பையன் கேட்டதும் கிட்டத்தட்ட அதைத்தான். ஆனால் எம்-16 குடும்பத்தில் பட்டை மட்டும் கழற்றி மாட்டி வேலையை முடிக்க முடியாது. பட்டுக்குள் ஒரு குழாய் இருக்கிறது. சுடும்போது பின்னால் வரும் பாகத்தைத் தாங்கும் ஸ்பிரிங்கும் எடைக்கட்டையும் அதற்குள்தான் ஓடுகின்றன. நீளமான ரைபிள் குழாயும் குட்டையான கார்பைன் குழாயும் வேறு வேறு. குழாய், ஸ்பிரிங், எடைக்கட்டை மூன்றும் ஒரே செட்டாக மாற வேண்டும். பார்க்கச் சின்ன வேலை மாதிரி இருக்கும், உள்ளே ரைபிளின் ஓட்டமே மாறிவிடும். அதனால்தான் ராணுவங்கள் இதைச் சிப்பாயின் விருப்பத்துக்கு விடுவதில்லை. நம் ராணுவத்துக்கு 2019-இல் ஒப்பந்தம் போட்டு வாங்கிய சிக்-716 ரைபிளில் நீளம் மாற்றும் பட் இருக்கிறது. இப்போது வேலையில் இருக்கும் பையன்கள் அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள்.

என் மகளுக்கு 13 வயது. பள்ளியில் என்.சி.சி.யில் .22 ரைபிளைத் தொட்டுப் பார்த்ததிலிருந்து அதே பேச்சு. சரி, ஆசைப்படுகிறாள் என்று .177 ஏர் ரைபிள் ஒன்று வாங்கினேன். 2016-ஆம் வருட ஆயுத விதிகளின்படி குழலின் துளை .177 இஞ்சுக்கு மேற்படாமலும், குண்டு குழலை விட்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பில்லில் இந்த இரண்டு விவரத்தையும் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அது. நான் வாங்கியது எம்-4 போன்ற தோற்றத்தில் வரும் மாடல். பின்னால் ஒரு குழாய், அதில் மடங்காத பிளாஸ்டிக் பட். உள்ளே ஸ்பிரிங் கிடையாது, பட்டைத் தாங்க மட்டும்தான் குழாய்.

அவள் முதல் நாள் ரைபிளைத் தோளில் வைத்ததும் எனக்கு அந்தப் பையன்தான் ஞாபகம் வந்தான். இடுப்பிலிருந்து பின்னால் சாய்கிறாள், கழுத்து முன்னால் போகிறது. அளவு எடுப்பது எளிது. முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கச் சொல்லுங்கள். மடிப்பின் உள்பக்கத்திலிருந்து ஆட்காட்டி விரலின் முதல் மடிப்பு வரை டேப் பிடியுங்கள். அதுதான் டிரிகரிலிருந்து பட்டின் கடைசி வரை இருக்க வேண்டிய நீளத்துக்குத் தொடக்க அளவு. அவளுக்கு 29 சென்டிமீட்டர் வந்தது. ரைபிளில் 34. ஐந்து சென்டிமீட்டர் என்பது ஒரு பிள்ளையின் உடம்புக்குப் பெரிய தூரம். பத்து மீட்டரில் அவளுடைய குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறின. அவளோ தனக்குத்தான் சுட வரவில்லை என்று நினைத்து அழுதாள். அன்று ராத்திரியே, அந்தப் பையனுக்குச் செய்து கொடுக்க முடியாததை இவளுக்குச் செய்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

என் தவறு இங்கேதான் தொடங்கியது. உள்ளூர்க் கடைகளில் விசாரிக்காமல், இரவில் ஃபோனில் தேடி, வெளிநாட்டுத் தளம் ஒன்றில் எம்-4 வகை கார்பைன் பட் ஒன்றை 6,800 ரூபாய்க்கு ஆர்டர் செய்தேன். வெறும் பிளாஸ்டிக்தானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மனைவி, "வெளிநாட்டுச் சாமான் எதுக்கு, வம்பு வராதா?" என்று கேட்டாள். 20 வருடம் இதிலேயே கிடந்தவனுக்குத் தெரியாதா என்று கோபமாகப் பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்குப் பிற்பாடு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஐந்து வாரம் பார்சல் வரவில்லை. வந்தது சுங்க அலுவலகத்திலிருந்து ஒரு பதிவுத் தபால். பார்சலைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அனுப்பியவன் உள்ளே வைத்திருந்த பில்லில் 'கார்பைன் ஸ்டாக், மில்-ஸ்பெக்', அதாவது ராணுவ அளவில் செய்த கார்பைன் பட், என்று எழுதியிருந்தது. ஆயுதத்தின் பாகத்தை அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்ததாகச் சந்தேகம், நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று கடிதம் சொன்னது. திண்ணையில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். கை நடுங்கியது. பனிமலையில் நின்றபோது நடுங்காத கை அது. தபால்காரர் வழியாகவோ என்னவோ, இரண்டு நாளில் ஊருக்குள் பேச்சு பரவிவிட்டது. வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி வரவழைத்தானாம் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். மகளைப் பள்ளியில் ஒரு பிள்ளை கேட்டுவிட்டது. அவள் வீட்டுக்கு வந்து, "எனக்கு ரைபிளே வேண்டாம்பா" என்றாள். பணம் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அதற்கப்புறம்தான் படித்தேன். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லின் விளக்கத்திலேயே அதன் பாகங்களும் அடங்கும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவர 10-வது பிரிவின்படி லைசென்ஸ் வேண்டும். சுங்கக் கட்டண அட்டவணையில் 93-வது அத்தியாயம் முழுக்க ஆயுதங்கள்தான், அதில் பாகங்களுக்கும் துணைப்பொருள்களுக்கும் தனித் தலைப்பே உண்டு. பிளாஸ்டிக்கா இரும்பா என்று பார்ப்பதில்லை, எதற்காகச் செய்த பொருள் என்று பார்க்கிறார்கள். எம்-4 என்பது தானாகத் தொடர்ந்து சுடும் ஆயுதம். நம் நாட்டில் தனியாள் கையில் இருக்கவே கூடாத வகை. அதன் பெயர் எழுதிய பாகம் என் பெயருக்கு வந்திருக்கிறது. வேலையில் இருந்தபோது இதைவிட எத்தனையோ பெரிய பாகங்கள் என் கை வழியாகப் போயின. அப்போது காகிதத்தை ஸ்டோரும் அலுவலகமும் பார்த்துக்கொண்டன. எனக்கு இரும்பு தெரிந்த அளவுக்குக் காகிதம் தெரியவில்லை.

முதல் முறை வக்கீல் இல்லாமல், டிஸ்சார்ஜ் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். ஒரு மரப் பெஞ்சில் காலையிலிருந்து மதியம் இரண்டரை வரை உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்ட அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "இது எதுக்கான பாகம்?" என்று கேட்டார். நான் பட்டறையில் புதுப் பையன்களுக்குப் பாடம் எடுப்பது மாதிரி எம்-4, அதன் குழாய், எந்தெந்த ரைபிளுக்கு இது பொருந்தும் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அதெல்லாம் அப்படியே வாக்குமூலத்தில் ஏறிவிட்டது. 'ஏர் ரைபிளுக்காக வாங்கினேன்' என்ற ஒரு வரி கடைசியில், ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. களைப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சுங்கச் சட்டம் 108-வது பிரிவின் கீழ் கொடுக்கும் வாக்குமூலம் பின்னால் சாட்சியமாக நிற்கும் என்று ஊருக்கு வந்து வக்கீலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், உங்களிடம் இருக்கும் பொருள் என்ன என்பதை முதலில் சொல்லுங்கள், ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஏர் ரைபிளின் பில், சீரியல் எண் தெரியும் போட்டோ, பட் பொருந்தும் இடத்தின் போட்டோ, இவற்றை எழுத்துமூல விளக்கத்தோடு இணைத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாளே நான் இதைச் செய்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம் என்று வக்கீல் சொன்னார்.

அப்புறம் 124-வது பிரிவின் கீழ் காரணம் கேட்கும் நோட்டீஸ் வந்தது. வக்கீல் பதில் தயாரித்தார், கட்டணம் 5,000. நேரடி விசாரணைக்கு இரண்டாவது பயணம். இரண்டு பயணத்துக்கும் ரயில், அறை, சாப்பாடு என்று 4,700 ஆனது. முடிவில் பொருள் பறிமுதல், 10,000 ரூபாய் அபராதம். தவறான நோக்கம் இருந்ததாக உத்தரவில் எழுதவில்லை, போலீஸ் வழக்கும் வரவில்லை. அதைப் படித்துவிட்டு வாசலிலேயே நின்று அழுதேன். மேல்முறையீடு செய்ய 60 நாள் உண்டு. ஆனால் ஒரு பிளாஸ்டிக் கட்டைக்காக இன்னொரு வருடம் அலைய மனமில்லை. கட்டிவிட்டேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இப்படி நோட்டீஸ் வந்தால் பதில் போடாமல் இருக்காதீர்கள். நமக்குத் தெரிந்த ஒருவர் பயத்தில் கடிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார், உத்தரவு அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்காமலே வந்துவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் இரண்டாவது தவறு ஒன்று செய்தேன். ஏர் ரைபிள் துணைப்பொருள் விற்கும் உள்நாட்டுக் கடை ஒன்றிடம், முறையான பில்லோடு 3,600 ரூபாய்க்கு நீளம் மாறும் பட் வாங்கினேன். வந்தது, மாட்டினேன், ஆடியது. தாடை வைக்கும் இடத்தில் தொட்டாலே கடகடவென்று சத்தம். வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்தேன். என் ரைபிளின் குழாய் 29.2 மில்லிமீட்டர். பட்டின் துளையோ 29.7-க்குச் செய்தது. இந்த வகைக் குழாயில் இரண்டு அளவு உண்டு. ராணுவ அளவு என்பது 1.148 இஞ்ச், வணிக அளவு என்பது சுமார் 1.17 இஞ்ச். வணிக அளவுக்கான பட்டை ராணுவ அளவுக் குழாயில் மாட்டினால் ஆடும். மாற்றி மாட்டப் பார்த்தால் ஏறவே ஏறாது. அரை மில்லிமீட்டர்தானே என்று இன்சுலேஷன் டேப் சுற்றினேன். சித்திரை வெயில் வரைகூட அது தாங்கவில்லை, பசை உருகி வழிந்து ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. திருப்பி எடுக்கவும் கடைக்காரர் மறுத்தார். மாட்டிய பொருளாம். 20 வருடம் கேஜ் பிடித்தவன், வாங்கும் முன் குழாயை அளக்கவில்லை. அவசரமும் ஆசையும் சேர்ந்தால் தெரிந்த தொழிலும் மறந்துபோகும். காலிப்பர் இல்லாதவர்கள் பக்கத்து லேத் பட்டறைக்கு ரைபிளின் குழாயை மட்டும் கழற்றிக் கொண்டுபோங்கள். ஒரு நிமிட வேலை, காசுகூடக் கேட்க மாட்டார்கள்.

வழி காட்டியது எங்கள் தெரு ஆசாரி. எழுபதைத் தாண்டியவர். பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையும் கூப்பிடு தூரம்தான். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டி லன்னாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்த இடம் அது, பீரங்கி வார்த்த இடமும் அதுவே. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நான் கடல் கடந்து ஒரு கட்டையைத் தேடியிருக்கிறேன். ஆடும் பட்டைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இது கடையில வாங்குற சாமான் இல்ல மக்களே. பிள்ளைக்க தோளப் பாத்துச் செய்யணும்."

மறுபடி சிக்கக் கூடாது என்று வக்கீலிடம் முதலில் கேட்டேன். குழலையும் சுடும் ஆற்றலையும் தொடாமல், லைசென்ஸ் தேவைப்படாத ஏர் ரைபிளுக்கு மரப் பிடி செய்வதில் தடை இல்லை என்று சொன்ன பிறகுதான் வேலையைத் தொடங்கினோம். ஆசாரி பழைய அயினிப் பலகை ஒன்றை எடுத்தார். வீடு இடித்த உத்தரத்தின் துண்டு, ஈரம் முழுக்க வற்றியது, இனி வளையாது. 29.2 அளவுக்குத் துளை மட்டும் லேத் பட்டறையில் போட்டோம். மீதி உளியும் அரமும்தான். மகளைத் திண்ணையில் நிற்கவைத்து, ரைபிளைத் தோளில் வைக்கச் சொல்லி, தாடை படும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். செதுக்குவார், வைத்துப் பார்க்கச் சொல்வார், மறுபடி செதுக்குவார். அவள் கண்ணை மூடி ரைபிளைத் தோளில் ஏற்றி, கண்ணைத் திறந்தால் சைட் நேராக இருக்கும்வரை அவர் விடவில்லை. பட் 29 சென்டிமீட்டருக்கு முடிகிறது. அதன் பின்னால் 8 மில்லிமீட்டர் தடிமனில் ஐந்து அயினித் தகடுகள் தனியாகச் செய்து, இரண்டு நீளத் திருகு போகத் துளையிட்டுக் கொடுத்தார். பிள்ளை வளர வளரத் தகடு சேர்த்துக்கொள்ளலாம். லேத்துக்கு 400, ஆசாரிக்கு 2,500. அவர் 2,000 போதும் என்றார், நான் கேட்கவில்லை. மொத்தச் செலவு 33,000. அதில் 30,100 வீண்.

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த ஆசாரி வேலையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். உங்கள் விஷயம் வேறு. பழுது பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவில் தனி லைசென்ஸ் உண்டு, அது உள்ள டீலரிடம் மட்டும் கொடுங்கள். பட் நீளம் என்றால் உங்கள் லைசென்ஸ் வழங்கிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வேலையில் இருக்கும் பையன்கள், ஜாக்கெட் போட்டால் ரைபிள் பொருந்தவில்லை என்றால் ஆர்மரரிடம் சொல்லுங்கள், மேலே எழுதச் சொல்லுங்கள். லீவில் வரும்போது சொந்தக் காசில் எதையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

மகள் மறுபடி சுடத் தொடங்க ஒரு மாதம் பிடித்தது. நான் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ரைபிள் உறையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். மண் நிரப்பிய பெட்டியின் மேல் இலக்குத் தாள் குத்தி, பத்து குண்டு சுட்டாள். ஒன்பது ஒரு ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. அந்தத் தாளை ஆசாரி வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். போன ஓணத்துக்கு இரண்டாவது தகடு ஏறியது. மீதி மூன்றும் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, மேசை இழுப்பறையில், ஏர் ரைபிளின் பில்லோடு இருக்கின்றன.